சாரை வயித்துல இருந்த எலி

எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சம்பா அறுப்பு, அப்புறம் கொள்முதல் நிலையத்துல மூட்டைக்குக் காவல், அப்புறம் உளுந்து விதைப்புன்னு ஓடிப்போச்சு. "என்னங்க, கழனிப் பக்கம் சேதியே காணோம்"னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. சேதி இருந்தது. ஆனா அதை எப்படி எழுதுறதுன்னு தெரியாமத்தான் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன்.

கார்த்திகை மாசத்துல ஆரம்பிச்சது. களத்துமேட்டுல வைக்கோல் போருக்குப் பக்கத்துல ஒரு பாம்பு. ஆறடிக்குக் குறையாது. கையில மண்வெட்டி இருந்தது. யோசிக்கவே இல்ல, ஒரே போடு. சாரைன்னு அடிச்சதுக்கு அப்புறம்தான் பார்த்தேன். சாரைக்கு விஷம் இல்லன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அடிப்போம். பாம்புன்னா அடிக்கிறது, அவ்வளவுதான்.

பையன் பின்னாலயே நின்னிருக்கான். ஆறாவது படிக்கிறான். மண்வெட்டி பட்ட எடத்துல வயிறு கிழிஞ்சு உள்ள இருந்தது வெளிய தெரிஞ்சது. ரெண்டு எலி. ஒண்ணு பாதி செரிச்சது, இன்னொண்ணு முழுசு. அவன் குச்சியால தள்ளிப் பார்த்துட்டு கேட்டான், "அப்பா, இது நம்ம கழனி எலியைத்தானே தின்னுருக்கு?"

பதில் சொல்லாம வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்த வருஷம் எலித் தொல்லை எப்படின்னு நகரத்துல இருக்கிறவங்களுக்குச் சொன்னாத்தான் புரியும். பயிர் பொதி கட்டுற நேரத்துல எலி தூரை அடியோட கடிச்சுப் போடும். தின்கிறது கொஞ்சம், வெட்டிப் போடுறது நிறைய. வரப்புல நின்னு பார்த்தா கழனி நடுவுல மொட்டை அடிச்ச மாதிரி வட்டமா தெரியும். கதிர் முத்துனா அதை அறுத்து வளைக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்து வெச்சுக்கும். நாம குதிர் கட்டுற மாதிரி அதுவும் கட்டும். எங்க ஊர் ஏரிக்கரை ஓரத்துல இருளர் குடும்பங்க இருக்கு. அதுல ஒரு பெரியவரை வருஷா வருஷம் எலி பிடிக்கக் கூப்பிடுவோம். ஓட்டை போட்ட பானையில வைக்கோலை வெச்சு நெருப்புப் போட்டு, வளை வாயில வெச்சு ஊதுவார். புகை தாங்காம எலி மயங்கினதும் தோண்டி எடுப்பார். வளைக்குள்ள கிடைக்கிற நெல்லும் அவருக்குத்தான். ஒரு பக்கம் அவருக்குக் கூலி கொடுத்து எலி பிடிக்கச் சொல்லிட்டு, இன்னொரு பக்கம் கூலி கேக்காம எலி பிடிச்சதை மண்வெட்டியால வெட்டிப் போட்டிருக்கேன்.

ஆனா நான் பாம்பை அடிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இதுவரைக்கும் இங்க எழுதினதில்ல.

எங்க சித்தப்பா பையன். எனக்கு மூணு வயசு சின்னவன். இருவது வருஷத்துக்கு முந்தி, ஒரு ஆவணி மாசம், வீட்டுக்குள்ள பாய் போட்டுப் படுத்திருந்தான். விடியக்காலம் மூணு மணி இருக்கும், வயித்து வலின்னு எழுந்து உக்காந்தான். ராத்திரி கல்யாண வீட்டுல சாப்பிட்டது ஒத்துக்கலன்னு சித்தி ஓமத்தண்ணி வெச்சுக் கொடுத்தாங்க. யாரோ சோடா வாங்கிட்டு வந்தாங்க. நாலரை மணிக்குக் கண்ணு சொருக ஆரம்பிச்சது. தூக்கம் வருதுன்னு நெனைச்சோம். அப்புறம் பேச்சு குழறுச்சு. காத்து கருப்பு அடிச்சிருக்கும்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனோம். அங்க ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் வந்துருச்சு. மூச்சு நின்னுருச்சு.

டாக்டர்தான் சொன்னார், இது கட்டுவிரியன் கடிச்ச மாதிரி இருக்குன்னு. உடம்பெல்லாம் தேடினதுல காதுக்குக் கீழ ஒரு புள்ளி. கொசு கடிச்ச மாதிரி. அந்தப் பாம்பை யாரும் பார்க்கவே இல்ல. கூரையைப் பிரிச்சுத் தேடினோம், கிடைக்கல. அவனுக்கு அப்ப வயசு 19.

அன்னைக்கிருந்து கண்ணுல படுற எந்தப் பாம்பையும் நான் விட்டதில்ல. எண்ணி வெச்சிருந்தா நூறு தாண்டும்.

சரி, கதைக்கு வரேன். மாசி மாசம் வேலை கொஞ்சம் ஓஞ்சதும் புள்ளைங்களை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு வீட்டுல பேச்சு. பையன் பள்ளிக்கூடத்துல யாரோ சொல்லிக் கேட்டிருக்கான், முதலைப் பண்ணைக்குப் போகணும்னான். மாமல்லபுரத்துலருந்து சென்னை போற வழியில, வடநெம்மேலியில இருக்கே, அதுதான். எங்க ஊர்லருந்து மதுராந்தகம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம்னு பஸ் மாறிப் போகணும். திருக்கழுக்குன்றம்னதும் அம்மா கிளம்பிட்டாங்க. அம்மா கிளம்பினதும் பக்கத்து வீட்டுலருந்து சித்தியும் கிளம்பிட்டாங்க. மலை ஏறி சாமி கும்பிட்டுட்டு அப்புறம் முதலை. இதுதான் ஒப்பந்தம். அங்க பாம்பும் இருக்குன்னு எனக்குத் தெரியும். சித்திகிட்ட நான் சொல்லல. சொல்லியிருக்கணும்.

முதலையைப் பத்தி நிறைய எழுதலாம், ஆனா அது இன்னைக்கு விஷயம் இல்ல. 1976ல ஆரம்பிச்ச எடம். நம்ம ஆறு குளத்துல எல்லாம் முதலை அழிஞ்சுபோற நெலைமையில இருந்தப்ப, முட்டை வெச்சுக் குஞ்சு பொரிச்சுப் பெருக்குறதுக்காகத் தொடங்கினாங்க. இப்ப சுவத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா, அடுக்கி வெச்ச விறகுக் கட்டை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கு. என் பொண்ணு "பொம்மையாப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, ஒண்ணு வாயைத் திறந்ததும் என் முதுகுக்குப் பின்னால போயிட்டா. அம்மா கஜேந்திர மோட்சம் கதையை ஆரம்பிச்சுட்டாங்க.

உள்ளயே ஒரு பக்கம் பாம்புப் பண்ணை. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் நடத்துறது. அதுக்குத் தனி டிக்கெட். பையன் முன்னால ஓடிட்டான், நாங்க பின்னால. சுத்தி நின்னு பார்க்கிற மாதிரி கட்டி, நடுவுல மணல் பரப்பின குழி. ஓரத்துல வரிசையா மண்பானை. ஒவ்வொரு பானை வாயையும் துணியால கட்டி வெச்சிருக்காங்க. சித்தி பானையைப் பார்த்துட்டு, "இதுல இன்னாடா, தண்ணியா?"ன்னாங்க.

குழிக்குள்ள ஒரு பெரியவர். அறுபது வயசு இருக்கும். கையில ஒரு கம்பி, அவ்வளவுதான். ஒரு பானைத் துணியை அவிழ்த்து நல்ல பாம்பை எடுத்து மணல்ல விட்டார். அது படம் எடுத்து நின்னது. கூட்டம் "ஓ"ன்னுது. சித்தி என் கையைப் பிடிச்சாங்க. நகம் பதிஞ்சது.

"போயிடலாம் சித்தி"ன்னேன்.

"இரு"ன்னாங்க.

அந்தப் பெரியவர் பேசினது மேடைப் பேச்சு மாதிரி இல்ல. எங்க ஊர்ல கிணத்து மேட்டுல உக்காந்து பேசுற மாதிரிதான். அவங்க அப்பா காலத்துல தோலுக்காகப் பாம்பு பிடிச்சாங்களாம். லட்சக்கணக்குல தோல் கப்பல் ஏறிப் போயிருக்கு. 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது, அப்புறம் தோல் ஏற்றுமதியும் நின்னது. ஒரே நாள்ல பொழப்பு போச்சு. கழனியில எலி பிடிச்சும் கூலி வேலைக்குப் போயும் வயித்தைக் கழுவியிருக்காங்க. 1978ல ராமுலஸ் விட்டேக்கர் கூடச் சேர்ந்து இந்தச் சங்கம். கிண்டி பாம்புப் பண்ணையை ஆரம்பிச்சதும் அவர்தான். பாம்பைக் கொல்ல வேணாம், பிடிச்சு விஷத்தை மட்டும் எடுத்துட்டு விட்டுடலாம்ங்கிறது ஏற்பாடு. வனத்துறை அனுமதியோட பிடிக்கிறாங்க. மூணு நாலு வாரம் பானையில வெச்சிருந்து, நாலு தடவை விஷம் எடுக்கிறாங்க. அப்புறம் காட்டுல விட்டுடுறாங்க. விடும்போது அடிவயித்துச் செதில்ல சின்னதா வெட்டி ஒரு அடையாளம். தோல் உரிச்சாலும் அது கொஞ்ச நாளைக்குத் தெரியும். அடையாளம் இருந்தா அதைத் திரும்பப் பிடிக்கிறதில்ல.

அந்த விஷம்தான் மருந்துக் கம்பெனிக்குப் போகுது. அதைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஊசி போட்டு, குதிரை ரத்தத்துல உண்டாகுற எதிர்ப்புச் சத்தைப் பிரிச்சு எடுத்து மருந்தாக்குறாங்க. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில பாம்புக் கடிக்குப் போடுற மருந்து அதுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. இந்தியாவுல இதுக்கு வேண்டிய விஷத்துல பெரும்பங்கு இந்த இருளர் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்துப் பானையில பிடிச்சு வெச்ச விஷம் ராஜஸ்தான்ல ஒருத்தன் உயிரைக் காப்பாத்துது. 2023ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு இருளருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? நம்ம மாவட்டத்துக்காரங்கதான். 2017ல அமெரிக்காவுல ஃபுளோரிடாவுக்குக் கூட்டிட்டுப் போய், அங்க பெருகிப்போன மலைப்பாம்பைப் பிடிக்கச் சொன்னாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள பத்துக்கும் மேல பிடிச்சுக் காட்டினாங்க. நான் அப்ப பேப்பர்ல படிச்சுட்டு "பரவாயில்லயே"ன்னு மடிச்சு வெச்சுட்டேன். நம்ம கழனியில புகை ஊதுற பெரியவரும் அதே ஜனம்தான்னு அப்ப உறைக்கல.

கண்ணாடி விரியனை வெளிய எடுத்தப்ப குக்கர் விசில் மாதிரி சீறுச்சு. சுருட்டை ஒரு சாண்தான் பெருசு, உடம்பை ஒண்ணோட ஒண்ணு உரசி அரம் தேய்க்கிற மாதிரி சத்தம் கொடுத்தது. இந்த ரெண்டும் கழனியில, வரப்புல, கல்லுக் குவியல்ல இருக்கும்னார். அறுப்புக்குப் போறப்ப பார்க்காம கையை விடாதீங்கன்னார்.

அடுத்து அவர் எடுத்தது கட்டுவிரியன்.

கருப்பு. பளபளன்னு, எண்ணெய் தடவின மாதிரி. மெல்லிசா வெள்ளைக் கோடு. மணல்ல விட்டதும் சீறல, படமெடுக்கல, ஓடல. சுருண்டு தலையை உடம்புக்குள்ள ஒளிச்சுக்கிச்சு. வெக்கப்படுற குழந்தை மாதிரி. பகல்ல இது இப்படித்தான் இருக்கும், ராத்திரியிலதான் இதுக்கு நடமாட்டம்னார். எலியையும் வேற பாம்பையும் தேடி வீட்டுக்குள்ள வரும். தரையில படுத்திருக்கிறவங்க புரண்டா கடிக்கும். வலி இருக்காது, தடம்கூட சரியாத் தெரியாது. வயித்து வலி, வாந்தி, கண்ணு சொருகல். பாம்புன்னே தோணாதுன்னார்.

சித்தி எட்டிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "இதுவா?"ன்னாங்க. "இவ்ளோ சின்னதா இருக்கே."

எனக்கு வாய் வரல. என் வீட்டுக்காரிதான் சித்தி முதுகுல கையை வெச்சா.

கூட்டம் கலைஞ்சதும் சித்தி போகல. கட்டைச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு, "ஐயா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பொழைச்சிருக்குமா?"ன்னு கேட்டாங்க. யாரு, என்ன, எப்பன்னு எதுவும் சொல்லல. அவரும் கேக்கல. கம்பியைக் கீழ வெச்சுட்டு கிட்ட வந்தார். "சொல்ல முடியாதும்மா. எங்க வீட்டுலயும் ஒண்ணு போயிருக்கு. பாம்பு பிடிக்கிறவன் வீட்டுலயே. அப்பல்லாம் எங்க ஆளுங்க வேரு அரைச்சுக் கொடுப்பாங்க. இப்ப நாங்களே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுறோம்"னார்.

சித்தி தலையை ஆட்டினாங்க. "நான் ஓமத்தண்ணி குடுத்தேன்"னாங்க. இருவது வருஷத்துல அந்த வார்த்தையை அவங்க வாயிலருந்து நான் கேட்டது அதுதான் மொதல் தடவை. மந்திரிக்கலாம்னு சொன்னது நான். அதை நான் அன்னைக்கும் சொல்லல.

பாம்பு கடிச்சா என்ன செய்யணும்னு பையன் நோட்டுல எழுதிக்கிட்டான். அதை இங்க போடுறேன், உங்க சொந்தக்காரங்க யாராவது ஊர்ல இருந்தா சொல்லுங்க. இறுக்கிக் கட்டக்கூடாது. கீறக்கூடாது, வாயால உறிஞ்சக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம, எலும்பு முறிஞ்சா கட்டுற மாதிரி கட்டை வெச்சு, ஆளைப் பயமுறுத்தாம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். 108ஐக் கூப்பிடலாம். அரசு ஆஸ்பத்திரியில இந்த மருந்து இலவசம். பாம்பைப் பிடிச்சுக் கொண்டு போக வேண்டியதில்ல. தரையில படுக்கிறதா இருந்தா கொசுவலை கட்டி ஓரத்தைப் பாய்க்கு அடியில சொருகணும். 2000லருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக் கடியால செத்தவங்க 12 லட்சம் பேர்னு ஒரு ஆராய்ச்சியில கணக்குப் போட்டிருக்காங்க. வருஷத்துக்குச் சராசரியா 58 ஆயிரம். பெரும்பாலும் எங்கள மாதிரி ஊருல, மழைக்காலத்துல, கழனியிலயும் வீட்டுலயும்.

திரும்பி வர்ற பஸ்ல பையன் கேட்டான். "அப்பா, அங்க அவரை ஐயா, வாங்கன்னு எல்லாரும் பேசினாங்கல்ல? நம்ம ஊர்ல எலி பிடிக்கிற தாத்தாவை ஏன் நீ வா, போன்னு கூப்பிடுற? அவர் உன்னை விடப் பெரியவர்தானே?"

பஸ்ல நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. நான் ஜன்னலுக்கு வெளிய பார்த்தேன். எங்க நைனா அப்படித்தான் கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் எங்க திண்ணையில உக்காந்து நான் பார்த்ததில்ல. டீ கொடுத்தா வாசல்ல நின்னு குடிச்சுட்டு, டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டுப் போவார். அது தப்புன்னு எனக்குத் தெரியாதான்னு கேட்டா, சாரைக்கு விஷம் இல்லன்னு தெரிஞ்ச மாதிரிதான் இதுவும். தெரியும்.

எங்க ஊருக்கு ஒரு பெருமை உண்டு. பக்கத்துல வேடந்தாங்கல். அந்த ஊர்க்காரங்க பறவைங்களைச் சுடக்கூடாதுன்னு 1798லயே வெள்ளைக்கார கலெக்டர்கிட்ட உத்தரவு வாங்கினவங்க. எச்சம் விழுந்த ஏரித்தண்ணி கழனிக்கு உரம்னு அவங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரல. இப்பவும் அங்க தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்ல. பறவைக்கு அவ்வளவு பார்க்கிற சுத்துப்பட்டுல, எலியைத் தின்னு நெல்லைக் காப்பாத்துற பாம்புக்கு மட்டும் மண்வெட்டி. கொக்கு அழகா இருக்கு, பாம்பு அழகா இல்ல. வேற என்ன சொல்ல? பயம் நியாயமானதுதான், அதை நான் மறுக்கல. என் வீட்டுலயே பறிகொடுத்திருக்கேன். ஆனா அவனைக் கடிச்ச கட்டுவிரியனை நான் ஒரு நாளும் அடிச்சதில்ல. அடிச்சது பூரா சாரையும் தண்ணிப்பாம்பும் கொம்பேறி மூக்கனும்தான். கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு, பொணம் எரியறதைப் பார்க்க மரத்துல ஏறி உக்காந்திருக்கும்னு நைனா சொன்னதை நாப்பது வயசு வரைக்கும் நம்பிட்டிருந்தேன். அதுக்கு விஷமே இல்லையாம்.

பங்குனியில உளுந்துக்கு வரப்பு ஓரமா எலி வளை கண்டு, பெரியவரைக் கூப்பிடப் போனேன். "வாங்க"ன்னு கூப்பிட நாக்கு எழல. ரெண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். பையன்தான் "தாத்தா, அப்பா வரச் சொன்னார்"னு முந்திக்கிட்டான். வேலை முடிஞ்சு வந்தவரைத் திண்ணையில உக்காரச் சொன்னேன். அவர் உக்காரல. "பரவால்ல, நிக்கிறேன்"னார். எங்க அம்மா உள்ளருந்து ஒண்ணும் சொல்லல, ஆனா பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமா கேட்டது. மூணாவது தடவை வந்தப்பதான் ஓரமா உக்காந்தார், எப்ப வேணாலும் எழுந்துக்கிற மாதிரி. வடநெம்மேலிக்குப் போனோம்னு பையன் சொன்னதும் அவருக்கு முகம் மாறிப்போச்சு. அங்க அவரோட சம்பந்தி ஒருத்தர் பல வருஷம் பாம்பு கொடுத்தவராம். எனக்கு இத்தனை வருஷத்துல தெரியாது. கேட்டதில்ல.

"போன கார்த்திகையில அப்பா ஒரு சாரையை அடிச்சுட்டார் தாத்தா"ன்னு பையன் என்னைக் காட்டிக் கொடுத்தான்.

பெரியவர் சிரிச்சார். "அடிச்சா எனக்குக் கூலிதான். ஆனா எலி என் கைக்கு அடங்காது சாமி. நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரேன். அது தெனமும் வருது."

சித்தி வீட்டுக்குப் பின்னால அடுக்கி வெச்ச விறகு, ஓடு, செங்கல் எல்லாத்தையும் நானும் பையனும் அகற்றிச் சுத்தம் பண்ணினோம். எலி இருந்தா பாம்பு வரும், அதுக்குத்தான். சித்திக்கு ஒரு கயித்துக் கட்டிலும் வலையும் வாங்கிப் போட்டேன். அவன் போனதுலருந்து அவங்க அதே எடத்துல, தரையிலதான் படுத்துக்கிட்டிருந்தாங்க. எத்தனையோ தடவை கட்டில் வாங்கித் தரேன்னு சொல்லி வேணாம்னவங்க, இந்தத் தடவை ஒண்ணும் சொல்லல. மொத நாள் ராத்திரி நான் வலையைக் கட்டி முடிச்சதும், உள்ள உக்காந்துக்கிட்டு, "அந்த மூலையில சரியா சொருவல பாரு"ன்னாங்க.

போன வாரம் வைக்கோல் போர்ல மறுபடியும் ஒரு சாரை. இது கொஞ்சம் சின்னது. கையில மண்வெட்டி இருந்தது. தோள் தானா தூக்குது, என்ன பண்றது, பழக்கம். அது தலையைத் தூக்கி ஒரு நொடி பார்த்துட்டு போருக்கு அடியில பூந்துருச்சு. நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு மோட்டார் போடப் போயிட்டேன்.